கல்லூரியின் முதல் ஆண்டு: வீட்டுத் தொழுகையும் சொந்தத் தொழுகையும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்துவிட்டால் நமது இல்லங்களில் ஒரு பரபரப்புத் தொடங்கிவிடுகிறது. எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், கட்டணம் எவ்வளவு, விடுதியில் சாப்பாடு எப்படி என்றெல்லாம் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். பெட்டி வாங்குகிறோம்; போர்வை வாங்குகிறோம்; ஊறுகாய் போட்டுக் கொடுக்கிறோம். பிள்ளையின் பெட்டியில் ஒரு முஸல்லாவையும் தொப்பியையும் மடித்து வைத்துவிட்டால், மார்க்கக் கடமையும் முடிந்தது என்று நிம்மதி அடைகிறோம்.

முஸல்லா பெட்டிக்குள் போய்விட்டது. தொழுகை பிள்ளைக்குள் போயிற்றா? இந்தக் கேள்வியை நம்மில் எத்தனை பேர் கேட்டுக்கொள்கிறோம்?

இதைப் பிறர் குறையாகச் சொல்ல நாம் முன்வரவில்லை. நம்முடைய முதல் ஆண்டில் நாம் பட்டதையும், பிற்பாடு கற்றதையும் முன்வைத்தே இந்தப் பாடத்தை எழுதுகிறோம். படிக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இதனால் ஒரு நன்மை கிடைத்தால் அதுவே போதும்.

கால் விரலை அசைத்த கை

நாம் புகுமுக வகுப்பில் சேர்ந்தது 1976-ஆம் ஆண்டு. அன்று பள்ளிப்படிப்பு பதினோராம் வகுப்புடன் முடியும். அதன்பின் ஓராண்டு புகுமுக வகுப்பு. கல்லூரியின் வாசற்படி அதுதான். 1978-ல் தமிழ்நாட்டில் மேனிலை வகுப்புகள் வந்தபின் அந்த முறை மறைந்தது. இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ரயிலேறி, காலையில் எழும்பூரில் இறங்கியபோது நமக்கு வயது பதினேழு. வாப்பா பினாங்கில் கடை வைத்திருந்தார்கள். ஊரில் உம்மாதான் நமக்கு எல்லாம்.

வீட்டில் இருந்தவரை நமக்குச் சுப்ஹு தவறியதில்லை. பள்ளிவாசலில் பாங்கு முடிவதற்குள் உம்மா வந்து கால் பெருவிரலைப் பிடித்து அசைப்பார்கள். அசைத்தும் எழும்பாவிட்டால் முகத்தில் நாலு துளி தண்ணீர் விழும். பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்கும் பிள்ளை என்று ஊரார் நம்மைப் பாராட்டுவார்கள். நாமும் நம்மைத் தொழுகையாளி என்றே நம்பியிருந்தோம்.

விடுதியில் முதல் நாள் கண் விழித்தபோது மணி ஏழு. ஜன்னல் வழியே வெயில் கட்டில்மேல் விழுந்துகொண்டிருந்தது. கால் விரலை அசைக்க அங்கே யாரும் இல்லை. பதறிப்போய் ஒளுச் செய்து களாத் தொழுதோம். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பதற்றம் குறைந்தது. ஒரு வாரத்தில் 'மாலையில் சேர்த்துத் தொழுதுகொள்ளலாம்' என்ற எண்ணம் வந்தது. ஒரு மாதத்தில் அந்த எண்ணமும் வரவில்லை. யாரும் நம்மைத் தடுக்கவில்லை, யாரும் கெடுக்கவுமில்லை. கரையில் கட்டாத தோணியைத் தண்ணீர் தானாகவே இழுத்துச் செல்வதைப் போல் அது போயிற்று.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. இத்தனை ஆண்டுகளும் தொழுதது நம் வீடு. அந்த வீட்டின் வரிசையில் நாம் நின்றுகொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

கஸ்ஸாலி இமாமின் மூட்டை

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இளமைக் காலத்தில் நடந்ததாகச் சரித்திர ஆசிரியர்கள் எழுதி வைத்திருக்கும் ஒரு நிகழ்ச்சி இங்கே நினைவுக்கு வருகிறது. ஹிஜ்ரி 450-ல், அதாவது கி.பி. 1058-ல், தூஸ் பகுதியில் பிறந்த அவர்கள், கல்வி கற்பதற்காக ஜுர்ஜான் நகருக்குச் சென்றார்கள். ஆசிரியரிடம் கேட்டவற்றையெல்லாம் குறிப்பெழுதிக்கொண்டு ஊர் திரும்பும் வழியில் கொள்ளையர்கள் மறித்து எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். இளைஞரான கஸ்ஸாலி அவர்களின் பின்னாலேயே சென்று, மற்றப் பொருள்கள் எல்லாம் போகட்டும், குறிப்புகளை மட்டும் கொடுத்துவிடுங்கள், என் கல்வியெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று கெஞ்சினார்கள். கொள்ளைத் தலைவன் சிரித்துவிட்டான். மூட்டையைப் பறித்தால் போய்விடக்கூடியது எப்படி உன் கல்வியாகும் என்ற கருத்தில் அவன் கேட்டுவிட்டு, குறிப்புகளைத் திருப்பிக் கொடுக்கச் செய்தானாம்.

அந்தச் சொல் அவர்களின் நெஞ்சில் தைத்தது. அல்லாஹ்வே அவன் வாயால் நமக்கு வழி காட்டினான் என்று எடுத்துக்கொண்டு, ஊர் வந்ததும் மூன்றாண்டுகள் முயன்று, எழுதியிருந்த அனைத்தையும் மனத்தில் பதித்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் 1091-ல் பக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடத்திற்குத் தலைமை ஆசிரியராகும் அளவுக்கு அல்லாஹ் அவர்களை உயர்த்தினான்.

கல்லூரியின் முதல் ஆண்டும் நம் பிள்ளைகளின் மூட்டையைப் பறித்துவிடுகிறது. உம்மாவின் குரல், மஹல்லாவின் பாங்கு, வாப்பாவின் கண், ஊராரின் பேச்சு ஆகிய எல்லாம் அந்த மூட்டையில் இருந்தவை. பறிபோனபின் மிஞ்சுவது எதுவோ அதுவே அவர்களுக்குச் சொந்தம். அல்ஹம்துலில்லாஹ், மிஞ்சியது குறைவாக இருந்தாலும் கவலையில்லை; இமாமவர்களைப் போல் அதை உள்ளே பதித்துக்கொள்ள அந்த ஆண்டே ஒரு வாய்ப்பாகவும் இருக்கிறது. எப்படி என்று இனிப் பார்ப்போம்.

முதல் பாடம்: சுப்ஹு தவறுவது இரவில்

வகுப்புகள் இருப்பதால் தொழ முடியவில்லை என்று மாணவர்கள் சொல்லக் கேட்கிறோம். நாமும் அப்படிச் சொன்னவர்தான். ஆனால் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் உண்மை வேறாக இருக்கிறது. சென்னையை எடுத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதும் லுஹர் வக்து ஏறத்தாழ 12 மணிக்கும் 12.30-க்கும் இடையே தொடங்கிவிடுகிறது. கல்லூரிகளில் பகல் உணவு இடைவேளை 12.30-க்கும் 2 மணிக்கும் நடுவில்தான் வருகிறது. மாலை வகுப்பு 4.30-க்கு முடிந்தாலும் அஸருக்கு நேரம் இருக்கிறது. சூரியன் மறைவது நவம்பரில் 5.40 அளவில், ஜூலையில் 6.40 அளவில். மக்ரிபும் இஷாவும் வகுப்பு நேரத்தில் வருவதே இல்லை. எனவே ஐந்தில் நான்குக்கு வகுப்பு குறுக்கே நிற்கவில்லை.

மிஞ்சுவது சுப்ஹு. சூரிய உதயம் ஜூன் தொடக்கத்தில் 5.40 அளவிலும், ஜனவரி இறுதியில் 6.35 அளவிலும் இருக்கிறது. அதற்கு முன் எழ வேண்டும். எழ முடியாததற்குக் காரணம் காலையில் இல்லை, முந்திய இரவில் இருக்கிறது. இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் அமர்ந்திருப்பதையும் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்று ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். நம் காலத்தில் விடுதித் திண்ணையில் சினிமாப் பேச்சு நள்ளிரவுவரை நடக்கும். இப்போதோ பேசுவதற்குப் பக்கத்தில் ஆள்கூட வேண்டியதில்லை; கைப்பேசி ஒன்று போதும். அதே கைப்பேசி விடியற்காலையில் பாங்கும் சொல்கிறது! இரவு இரண்டு மணிவரை நம்மை உறங்கவிடாத கருவி, ஐந்து மணிக்குச் சொல்லும் பாங்கை ஒரு விரலால் அடக்கிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறோம்.

ஆகவே முதல் பாடம் இது: இரவு பத்தரை மணிக்கு விளக்கை அணைக்கத் தெரிந்தவருக்கே சுப்ஹு சொந்தம். கைப்பேசியைக் கட்டிலிலிருந்து எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுப் படுப்பது இன்னும் நல்லது. பாங்கை நிறுத்துவதற்காகவாவது எழுந்து நடக்க வேண்டிவரும். எழுந்து நடந்த கால் ஒளுச் செய்யும் இடத்துக்கும் போகும், இன்ஷா அல்லாஹ்.

இரண்டாம் பாடம்: கேட்கக் கூச்சப்படாதே

நம் வகுப்புக்கு வேதியியல் செய்முறைப் பயிற்சி வெள்ளிக்கிழமை 11.30 முதல் 1.30 வரை. அதனால் ஜும்ஆ போயிற்று. பேராசிரியரிடம் கேட்கக் கூச்சம். கேட்டால் என்ன நினைப்பாரோ, மதிப்பெண்ணில் கைவைப்பாரோ, மற்ற மாணவர்கள் சிரிப்பார்களோ என்று நாமே கற்பனை செய்துகொண்டு ஆறு வெள்ளிக்கிழமைகளைப் போக்கினோம். அலட்சியமாக மூன்று ஜும்ஆக்களை விடுபவரின் உள்ளத்தில் அல்லாஹ் முத்திரையிட்டுவிடுவான் என்ற நபிமொழியின் எச்சரிக்கையை மதரஸாவில் ஓதியிருந்தோம். ஓதியது நினைவில் இருந்தது, வாய்தான் திறக்கவில்லை.

கடைசியில் ஒருநாள் துணிந்து போய்ச் சொன்னோம். அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி? புதன்கிழமைப் பிரிவில் இரண்டு இடம் காலியாகத்தானே இருக்கிறது!" என்றார். ஒரு காகிதத்தில் நம் பெயரை மாற்றி எழுதினார், அவ்வளவுதான். அரை நிமிட வேலைக்காக ஆறு ஜும்ஆக்களை நாம் இழந்திருந்தோம்.

பாடத்திலும் இதே கூச்சந்தான் நம்மைக் கெடுத்தது. தமிழில் படித்துவிட்டு வந்த நமக்கு ஆங்கிலத்தில் நடந்த பௌதிகப் பாடம் பாதிகூடப் புரியவில்லை. எழுந்து கேட்டால் பிழையான ஆங்கிலம் வெளிவந்துவிடும் என்று தலையைக் குனிந்துகொண்டோம். அரையாண்டுத் தேர்வில் தோற்றோம். அன்ஸாரிப் பெண்மணிகள் மார்க்க விளக்கம் கேட்பதற்கு நாணம் தடையாக இருக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். மூஸா (அலை) அவர்கள் ஒரு நபியாக இருந்தும், கல்வியை நாடி நெடும்பயணம் செய்து, ஹிள்ரு (அலை) அவர்களிடம் மாணவராக நிற்கச் சம்மதித்த வரலாற்றைக் கஹ்பு அத்தியாயத்தில் ஓதுகிறோம். நபி ஒருவருக்கு இல்லாத கூச்சம், பதினேழு வயது மாணவனுக்கு எதற்கு?

இன்று நம் பேத்தி ஒருத்தி பொறியியல் கல்லூரியில் படிக்கிறாள். பெண் பிள்ளைகள் லுஹர் தொழ அங்கே இடமில்லை. நம்மைப் போல் ஆறு வாரம் அவள் காத்திருக்கவில்லை. முதல் வாரமே ஒரு பேராசிரியையிடம் போய்க் கேட்டாள். ஆய்வுக்கூடத்தை ஒட்டிய சிறிய அறையின் சாவி கிடைத்தது. இப்போது நான்கு பெண்கள் அங்கே தொழுகிறார்கள். கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்டாள். நம் நாட்டிலிருந்து மேற்கு நோக்கிச் சற்று வடக்காகச் சாய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தோம். நமக்கு வராத துணிவு அவளுக்கு வந்ததற்கு அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும்.

மூன்றாம் பாடம்: உடன் இருப்பவர் யார்?

கூட்டாளி விஷயத்தில் எச்சரிக்கையாக இரு என்று எல்லாப் பெற்றோரும் சொல்லி அனுப்புகிறார்கள். நம் அனுபவம் அதில் ஒரு புதிய பாடத்தைச் சேர்த்தது.

நம் அறைத் தோழர் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒரு கிறிஸ்தவ மாணவர். இரவில் கட்டிலருகே முழந்தாளிட்டுப் பிரார்த்தித்துவிட்டுத்தான் படுப்பார். அந்த ஆண்டு ஆகஸ்டு இறுதியில் ரமலான் வந்தது. தொழுகையை விட்டிருந்த நாம், நோன்பை மட்டும் விட மனமில்லாமல் பிடிக்கத் தொடங்கினோம். ஸஹருக்கு ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கி வைத்திருந்ததைப் பார்த்த அவர், சமையற்காரரிடம் தாமே பேசி, இரவில் ஒரு தூக்குச் சட்டியில் சோறும் குழம்பும் எடுத்து வைக்க ஏற்பாடு செய்தார். தம்முடைய கடிகாரத்தில் நாலு மணிக்கு அலாரம் வைத்து நம்மை எழுப்பியும் விட்டார். உம்மாவுக்குப் பிறகு நம்மை விடியற்காலையில் எழுப்பிய முதல் மனிதர் அவர்தாம்.

மூன்றாம் நோன்பன்று, நாம் ஸஹர் செய்துவிட்டு வழக்கம்போல் படுக்கப் போனபோது அவர் கேட்டார்: "நீ நோன்பு இருக்கிறாய். ஆனால் தொழுது நான் பார்த்ததே இல்லையே. உங்களில் சிலருக்கு அது, சிலருக்கு இது என்று உண்டோ?"

அவர் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதனால்தான் அது நம்மைச் சுட்டது. இஸ்லாம் என்றால் என்ன என்பதை அவர் நம்மைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டிருந்தார். நாம் காட்டியதோ பாதி மார்க்கம். அன்று சுப்ஹுக்கு ஒளுச் செய்யும்போது கண்ணீரும் கலந்துதான் ஓடியது. பேராசிரியரிடம் ஜும்ஆவைப் பற்றிப் பேசத் துணிவு வந்ததும் அந்த வாரத்தில்தான்.

அதே விடுதியில் நம் சமுதாயத்து மாணவர்கள் சிலரும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் நம்மைத் தொழ அழைத்ததில்லை. நாமும் அவர்களை அழைத்ததில்லை. ஒருவர் மற்றவருக்குச் சாக்காக இருந்தோம். இருவர் சேர்ந்தாலே ஜமாஅத் ஆகும் என்பதை மறந்திருந்தோம். ஆகவே விடுதிக்குப் போகும் மாணவர் முதல் வாரத்திலேயே இன்னும் ஒருவரைத் தேடிக்கொள்ளட்டும். ஒருவர் உறங்கினாலும் மற்றவர் கதவைத் தட்டுவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிதாக வரும் மாணவர்களைப் பகடி செய்து வதைக்கும் வழக்கத்தைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997-ல் தனிச் சட்டமே வந்தது. முதல் ஆண்டில் அவமானப்பட்டவர் இரண்டாம் ஆண்டில் பிறரை அவமானப்படுத்துவதுதான் அந்த நோய் பரவும் வழி. முஸ்லிம் மாணவரின் கையாலோ நாவாலோ ஒரு புதியவர் நோகக்கூடாது. நமக்குத் தூக்குச் சட்டியில் சோறு எடுத்து வைத்தவரை நினைத்து, நாமும் ஒருவருக்கு எடுத்து வைக்க வேண்டும்.

நான்காம் பாடம்: கடிதத்தில் எழுதிய பொய்

இதைச் சொல்வது நமக்கு எளிதாக இல்லை. ஆனாலும் சொல்லாவிட்டால் பாடம் முழுமையடையாது.

நம் உம்மாவுக்குத் தமிழெழுத்து வாசிக்க வராது. குர்ஆன் ஓதக் கற்ற அந்தத் தலைமுறைப் பெண்களைப் போல அரபுத் தமிழில்தான் எழுதுவார்கள். அரபு எழுத்தில் தமிழ்ச் சொற்கள். அவர்களுக்காக நாமும் அப்படித்தான் பதில் எழுதுவோம். ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் ஒரே கேள்வி இருக்கும்: ஐந்து வக்தும் பேணித் தொழுகிறாயா வாப்பா?

'தொழுகிறேன் உம்மா' என்று ஒவ்வொரு முறையும் எழுதினோம். குர்ஆனை ஓதக் கற்ற அதே எழுத்தில், தொழுகையைப் பற்றிய பொய்யை எழுதினோம். ரமலானில் திருந்திய நாம் பெருநாளுக்குப் பிறகு மீண்டும் சுப்ஹில் தளர்ந்தோம். கடிதத்தில் மட்டும் தளரவில்லை. அரையாண்டுத் தேர்வில் தோற்றதையும் மறைத்தோம். ஒரு பொய் சொன்ன கைக்கு இரண்டாவது பொய் கனக்கவில்லை.

முதல் ஆண்டில் பிள்ளைகள் தடுமாறுவது உண்டு. பாடத்திலும் தடுமாறுவார்கள், அமலிலும் தடுமாறுவார்கள். தடுமாற்றம் நோயானால் மறைப்பது அந்த நோயைப் புரையோட விடுவது. இன்று கடிதம் இல்லை. கைப்பேசியில் முகத்தைப் பார்த்தே பேசுகிறோம். ஆனால் அந்தப் பேச்சிலும் 'எல்லாம் நல்லா இருக்கு' என்று சொல்லிவிடலாம். திரையில் முகம் தெரியும், தவறிய சுப்ஹு தெரியாது.

ஐந்தாம் பாடம்: புளியங்கொட்டைக் கணக்கு

1977 ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு முடிந்து ஊருக்கு வந்தோம். மறுநாள் விடியற்காலையில் உம்மா வழக்கம்போல் வந்து கால் விரலை அசைத்தார்கள். எழுந்து உட்கார்ந்தோம். பொறுக்க முடியவில்லை. ஓராண்டாக எழுதியதெல்லாம் பொய் என்று சொல்லிவிட்டோம்.

உம்மா அழவில்லை, ஏசவுமில்லை. சற்று நேரம் சும்மா நின்றார்கள். பிறகு, "இப்ப சுப்ஹு போயிடாம தொழு. மத்ததப் பிறகு பேசலாம்" என்றார்கள்.

தொழுதுவிட்டு வந்தபோது, திக்ரு எண்ணுவதற்கென்று வீட்டில் வைத்திருந்த புளியங்கொட்டைகளைப் பாயில் கொட்டியிருந்தார்கள். எத்தனை வக்து போயிருக்கும் என்று இருவருமாக மாதம் மாதமாக நினைவுபடுத்திக் கணக்கிட்டோம். ஐயம் வந்த இடத்தில் கூடுதலாகவே எண்ணினோம். 300 கொட்டைகள் ஒரு டப்பாவில் விழுந்தன. "ஒரு வக்து களாத் தொழுதா ஒண்ண எடுத்து அடுத்த டப்பாவுல போடு" என்றார்கள்.

ஒவ்வொரு பர்ளுடனும் ஒரு களா என்றால் நாளுக்கு 5. அறுபது நாட்கள் ஆகும். நம் ஊர் உஸ்தாது அவர்களிடம் கேட்டபோது, ஷாபியீ மத்ஹபில் காரணமின்றி விட்ட தொழுகையைத் தள்ளிப்போடாமல் உடனுக்குடன் நிறைவேற்ற வேண்டும், ஆகவே நேரம் கிடைக்கும்போதெல்லாம் தொழு என்றார்கள். அப்படியே தொழுததில் நாற்பது நாட்களில் முதல் டப்பா காலியாயிற்று. தவ்பா என்பது நாவால் மொழிவதுடன் முடிவதில்லை. செய்ததற்கு வருந்தி, அதை விட்டு விலகி, இனிச் செய்வதில்லை என உறுதி கொண்டு, விட்ட கடமையைத் திருப்பிச் செலுத்துவதும் அதில் அடங்கும் என்று கிதாபில் ஓதியதை, அந்தப் புளியங்கொட்டைகளை எண்ணியபோதுதான் உணர்ந்தோம்.

'நிறையத் தவறிவிட்டது, இனி என்ன செய்ய' என்று மனமுடைந்து கிடக்கும் பிள்ளைகளுக்காகவே இதை எழுதினோம். எண்ணிவிட்டால் எந்தக் கடனும் அடைபடக்கூடியதுதான். எண்ணாமல் இருக்கும்வரைதான் அது மலையாகத் தெரியும். வாப்பாவுக்கும் தேர்வில் தோற்றதைப் பற்றி உண்மையை எழுதினோம். பினாங்கிலிருந்து வந்த பதிலில் கோபம் இருந்தது; ஆனால் மறுமுறை கட்ட வேண்டிய கட்டணமும் இருந்தது.

விடுதி மாணவர் முஸாபிரா?

இங்கே ஒரு சட்டத்தையும் அறிந்துகொள்வது அவசியம். வெளியூரில் இருப்பதால் தாம் முஸாபிர்தானே, ஆகவே நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாம் என்று சில மாணவர்கள் கருதுகிறார்கள். இது தவறு.

ஓர் ஊரில் வந்த நாளும் புறப்படும் நாளும் போக, நான்கு முழு நாட்கள் தங்கும் எண்ணத்துடன் இருப்பவர் ஷாபியீ மத்ஹபின்படி முஸாபிர் அல்லர். ஹனபி மத்ஹபில் பதினைந்து நாட்கள் தங்கும் எண்ணம் இருந்தால் முஸாபிர் அல்லர். மாதக்கணக்கில் தங்கும் விடுதி மாணவர் முழுமையாகவே தொழ வேண்டும். ஜும்ஆவும் அவர்மீது கடமைதான்.

வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே செய்யும் நெடும்பயணத்தின்போது மட்டும் சலுகை உண்டு. நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். ஹனபிகள் சுருக்கியே தொழ வேண்டும். லுஹரையும் அஸரையும், மக்ரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழ ஷாபியீகளுக்கு அனுமதி உண்டு; ஹனபிகளுக்கு ஹஜ்ஜுக்கு வெளியே அது இல்லை. சுப்ஹுக்கும் மக்ரிபுக்கும் எந்த மத்ஹபிலும் சுருக்கம் இல்லை. பயண தூரம் முதலான நிபந்தனைகளை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெற்றோர் செய்ய வேண்டியது

நம் சமுதாயம் உயர்கல்வி பெற வேண்டும் என்பதற்காகப் பெரியோர்கள் பாடுபட்டார்கள். 1919-ல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி. 1951-ல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரி. அதே ஆண்டில் சென்னையில் புதுக்கல்லூரி. 1955-ல் நீதிபதி பஷீர் அஹமது சயீது அவர்களின் முயற்சியால் சென்னையில் பெண்கள் கல்லூரி. 1988-ல் கீழக்கரையில் தாசீம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி. இவை போன்றவை இன்னும் பல. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக! ஆனால் பக்கத்திலேயே பள்ளிவாசல் இருந்தாலும், அங்கும் கால் விரலை அசைக்க உம்மா வரப்போவதில்லை.

ஏழு வயதில் பிள்ளையைத் தொழ ஏவுமாறும், பத்து வயதில் கண்டிப்புடன் இருக்குமாறும் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பிறர் ஏவித் தொழும் பிள்ளை ஒருநாள் தானே தொழ வேண்டும் என்பதற்கான பயிற்சிதான் அது. எழுப்புவதிலேயே பதினேழு ஆண்டுகளையும் கழித்துவிட்டு, எழும்பக் கற்றுக்கொடுக்காமல் அனுப்பிவிடுகிறோம்.

ஆகவே பெற்றோர்களே! பிள்ளை கல்லூரிக்குப் புறப்படுவதற்கு நாற்பது நாட்களுக்கு முன்பே எழுப்புவதை நிறுத்திப் பாருங்கள். தானே அலாரம் வைத்துத் தானே எழட்டும். தவறினால் வீட்டிலேயே தவறட்டும். களாச் செய்யக் கற்றுக்கொள்ள அங்கே நீங்கள் இருக்கிறீர்கள். கல்லூரியில் சேர்ந்தபின் 'தொழுகிறாயா?' என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஆம் என்ற ஒரே பதில்தான் வரும். 'சுப்ஹுக்கு எழும்ப எப்படி ஏற்பாடு செய்திருக்கிறாய்? யாருடன் தொழுகிறாய்? இந்த வாரம் எது கஷ்டமாக இருந்தது?' என்று கேளுங்கள். உண்மையைச் சொன்னால் ஏச்சுக் கிடைக்காது என்ற நம்பிக்கையை முதலில் கொடுங்கள். நம் உம்மா அன்று ஏசியிருந்தால், அந்தப் புளியங்கொட்டைகள் எண்ணப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

மாணவ மாணவியரே! முதன்முதலில் அருளப்பட்ட வஹி ஓதுமாறு கட்டளையிட்டது. அந்த ஓதுதலை இறைவனின் திருப்பெயருடன் இணைத்தே கட்டளையிட்டது. நீங்கள் படிக்கும் கணிதமும் வேதியியலும் மருத்துவமும் அந்தக் கட்டளைக்குப் புறம்பானவை அல்ல. நிய்யத்தைச் சீராக்கிக்கொண்டு படித்தால் பாடப் புத்தகமும் நன்மையாகும்.

வீட்டில் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள்

1. வீட்டில் யாரும் எழுப்பாத நாளில் நம் சுப்ஹு என்னவாகிறது?
2. கேட்கக் கூச்சப்பட்டு நாம் இழந்துகொண்டிருக்கும் கடமை ஏதேனும் உண்டா?
3. நம்மை மட்டும் பார்த்து இஸ்லாத்தை அறிந்துகொள்ளும் ஒருவர், என்ன அறிந்துகொள்வார்?
4. களாவான தொழுகைகளை எண்ணியிருக்கிறோமா?

உம்மா மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அந்த இரண்டு டப்பாக்களும் நம்மிடம் இருக்கின்றன. சென்ற ஆண்டு பேத்தி விடுதிக்குப் புறப்பட்டபோது அவற்றில் ஒன்றைக் காட்டி இந்த வரலாற்றைச் சொன்னோம். "எனக்கு இது தேவைப்படாம இருக்க துஆச் செய்யுங்க அப்பா" என்றாள். செய்து வருகிறோம்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக! நம் கண் அவர்களை எட்டாத இடத்திலும், அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற உணர்வுடன் அவர்கள் தொழக்கூடியவர்களாக ஆக்குவானாக! ஆமீன்.